பிரசவத்துக்குப் பிறகு 42 நாள்: நினைவூட்டல் யார் கைபேசியில் ஒலிக்கிறது?

கேள்வி சுருக்கமாக இது: சிறு நகரத்து மகப்பேறு மருத்துவமனை, மாதம் 60 பிரசவம். வீட்டுக்கு அனுப்பும்போது 7ஆம் நாளும் 42ஆம் நாளும் வரச்சொல்லி அட்டையில் எழுதிக் கொடுக்கிறார்கள். பாதிப் பேர்கூடத் திரும்பி வருவதில்லை. எஸ்எம்எஸ் அல்லது வாட்ஸ்அப் அனுப்பினால் வருவார்களா? எப்படி அமைப்பது?

மறந்துபோய் வராதவர்கள் வருவார்கள். வேறு காரணத்தால் வராதவர்களை எந்தச் செய்தியும் கூட்டி வராது. ஆகவே மென்பொருள்காரரைக் கூப்பிடுவதற்கு முன், கடந்த இரண்டு மாதத்தில் வராமல் போன 20 தாய்மார்களை அழைத்துக் கேளுங்கள். 'ஏன் வரல' என்று ஆரம்பிக்காமல், 'எப்படி இருக்கீங்க, குழந்தை நல்லா பால் குடிக்குதா' என்று ஆரம்பித்தால் உண்மை வரும். பதில்கள் பெரும்பாலும் மூன்று குவியலாக விழும். 'தேதி ஞாபகம் இல்ல, அட்டை எங்கயோ இருக்கு' ஒன்று. 'முப்பது நாள் ஆகாம வெளிய விட மாட்டேங்கறாங்க', 'தையலோட பஸ்ல வர முடியல', 'கூட்டிட்டு வர ஆள் இல்ல' இரண்டாவது. 'நல்லாத்தானே இருக்கோம், எதுக்கு வரணும்' மூன்றாவது.

முதல் குவியலுக்குத்தான் நினைவூட்டல் நேரடி மருந்து. இரண்டாவதற்கு 7ஆம் நாள் பரிசோதனை நடக்கும் இடத்தையே மாற்ற வேண்டும். அந்த வாரத்தில் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கே போக வேண்டியவர், அவருக்கு நீங்கள் தகவல் கொடுத்தால் போதும். மூன்றாவது குவியலுக்கு, எதற்காக வர வேண்டும் என்பதைச் செய்தியே சொல்ல வேண்டும். 'பரிசோதனைக்கு வரவும்' என்பதில் காரணமே இல்லை. 'பிரசவத்துக்கு அப்புறமும் பிபி ஏறலாம், பார்க்கணும்' என்பதில் இருக்கிறது.

அட்டையில் நீங்கள் எழுதும் நாட்களிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது. மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கு நம் நாட்டு வீட்டுவழிப் பராமரிப்புத் திட்டம் வீட்டுக்கே போய்ப் பார்க்க 3, 7, 14, 21, 28, 42 ஆகிய ஆறு நாட்களை வைத்திருக்கிறது. சிசேரியன் ஆகி ஐந்தாறு நாள் கழித்து வீடு திரும்பினால் 7இல் தொடங்கி ஐந்து. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டி, முதல் 24 மணி நேரம் மருத்துவமனையில் வைத்துப் பார்த்த பின், 48 முதல் 72 மணி நேரத்துக்குள் ஒன்று, 7 முதல் 14 நாளுக்குள் ஒன்று, ஆறாவது வாரத்தில் ஒன்று என்கிறது. இரண்டிலும் மூன்றாம் நாள் இருக்கிறது, உங்கள் அட்டையில் இல்லை. பிறந்த ஒரு மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் முதல் வாரத்திலேயே இறக்கிறார்கள். தாயின் இரத்த அழுத்தம் பிரசவத்துக்குப் பின் 3 முதல் 6ஆம் நாளுக்குள்தான் உச்சத்துக்குப் போகிறது. மார்பில் பால் கட்டுவதும் குழந்தைக்கு மஞ்சள் கூடுவதும் இதே நாட்களில். சுகப்பிரசவம் ஆகி இரண்டாம் நாளே வீட்டுக்குப் போனவரை 7ஆம் நாள் வரை யாரும் விசாரிக்காமல் விட்டால், நீங்கள் எவ்வளவு அழகான மென்பொருள் வாங்கினாலும் அது ஆபத்து கடந்த பிறகு மணி அடிக்கும்.

எனவே மூன்றாம் நாள் தொடர்பைச் செய்தியாக அனுப்பாதீர்கள். செவிலியர் ஒருவரே கைபேசியில் அழைத்துப் பேசட்டும். ஐந்து நிமிடம் போதும். ஒரு நாளில் எத்தனை தடவை பால் கொடுக்கிறார் (8 முதல் 12 தடவை இருக்க வேண்டும்), குழந்தை எத்தனை தடவை சிறுநீர் கழித்தது, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாக இருக்கிறதா, தாய்க்குத் தலைவலி, கண் மங்கல், காய்ச்சல், நாற்றமடிக்கும் கசிவு உண்டா, ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைகிறதா. மஞ்சள் என்று சொன்னால் 'காலை வெயிலில் காட்டுங்கள்' என்று முடித்துவிடக் கூடாது. உள்ளங்கால் வரை மஞ்சள் வந்திருந்தால் அன்றே குழந்தையைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும்.

இப்போது தொலைபேசி எண். தமிழ்நாட்டில் இந்த ஏற்பாடு பெரும்பாலும் உடைவது இங்கேதான். முன்பதிவுச் சீட்டில் இருப்பது கணவரின் எண். பிரசவம் முடிந்ததும் பெண் தாய் வீட்டுக்குப் போகிறார், கணவர் திருப்பூரிலோ துபாயிலோ வேலைக்குத் திரும்புகிறார். 'நாளை குழந்தைக்கு ஊசி' என்ற செய்தி 300 கிலோமீட்டர் தள்ளி இருப்பவரின் கைபேசிக்குப் போய்ச் சேர்கிறது. உங்கள் கணினியில் 'சென்றடைந்தது' என்று பச்சைக் குறி விழுகிறது. அவர் இரவு வீட்டுக்குப் பேசும்போது ஞாபகம் வந்தால் சொல்வார்.

டிஸ்சார்ஜ் அன்று கேட்க வேண்டியது மூன்று. அடுத்த 45 நாள் எந்த ஊரில், யார் வீட்டில் இருப்பீர்கள்? அந்த வீட்டில் எப்போதும் இருக்கும் கைபேசி யாருடையது? அதில் எந்த நேரத்தில் பேசினால் உங்கள் காதுக்கு வரும்? இரண்டு எண் வாங்குங்கள்: தாயுடையது ஒன்று, அவரைப் பார்த்துக்கொள்பவருடையது ஒன்று. பல வீடுகளில் அது பாட்டியாக இருக்கும். குழந்தையை எப்போது வெளியே எடுக்கலாம் என்று முடிவெடுப்பவரும் அவர்தான். வாங்கிய எண்ணைப் படுக்கைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே ஒருமுறை அழையுங்கள். மணி அந்த அறையில் ஒலிக்க வேண்டும். ஒலிக்கவில்லை என்றால் எண் தப்பு, அல்லது கைபேசி வேறு ஊரில் இருக்கிறது. இந்த அரை நிமிட வேலை, பின்னால் வாங்கும் எந்த வசதியையும்விடப் பலன் தரும். அதே அழைப்பில் வந்த உங்கள் எண்ணை 'டெலிவரி ஆஸ்பத்திரி' என்று அவர்கள் கைபேசியிலேயே சேமித்துக் கொடுத்துவிடுங்கள். தெரியாத எண் என்றால் கடன் விற்கிறவர் என்று துண்டித்துவிடுவார்கள். சில கைபேசிகள் தாமாகவே 'ஸ்பேம்' என்று சிவப்பு காட்டும்.

மூன்றாம் மாதத்திலோ ஐந்தாம் மாதத்திலோ பெண் புகுந்த வீடு போவார். எண்ணும் ஊரும் மறுபடி மாறும். 42ஆம் நாள் வரும்போதே 'எப்போ மாமியார் வீட்டுக்குப் போறீங்க' என்று கேட்டுப் பதிவைத் திருத்தாவிட்டால், ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசி நினைவூட்டல் பழைய வீட்டில்தான் ஒலிக்கும். எண் மாறிக்கொண்டே இருப்பதால், தாயை அடையாளம் காண எண்ணைப் பயன்படுத்தாதீர்கள். தமிழக அரசின் கர்ப்பிணிப் பதிவுத் தளமான பிக்மியில் பதியும்போது கொடுக்கப்படும் ஆர்சிஹெச் எண்ணே பதிவின் திறவுகோலாக இருக்கட்டும். செவிலியரிடம் ஒரு பெயரைப் பற்றிப் பேசும்போதும் அந்த எண் கைகொடுக்கும். ஒரே மாதத்தில் மூன்று 'பிரியா குழந்தை' இருப்பது சாதாரணம்.

தேதிக் கணக்கு எளிது என்று தோன்றும். பிழைகள் அதிகம் ஒளிந்திருப்பது இதில்தான். 42ஆம் நாள் என்பது பிறந்த தேதியோடு 42ஐக் கூட்டுவது. எதிர்பார்த்த பிரசவத் தேதியோடு அல்ல. முன்பதிவுத் தரவிலிருந்து தானாகத் தேதி எடுக்கும் மென்பொருள் எதிர்பார்த்த தேதியையே பிடித்துக்கொள்ளும், மூன்று வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு எல்லாம் மூன்று வாரம் தாமதமாகும். அடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி நாள் புதன்கிழமை. 2025 மார்ச் 7, வெள்ளிக்கிழமை பிறந்த குழந்தையை எடுத்துக்கொள்வோம். 42 நாள் ஏப்ரல் 18இல் முடிகிறது. அதுவும் வெள்ளி, போதாததற்குப் புனித வெள்ளி விடுமுறை. அருகில் இருக்கும் புதன் என்று ஏப்ரல் 16ஐ எடுத்தால் 40 நாள்தான் ஆகியிருக்கும், ஊசி போடாமல் திருப்பி அனுப்புவார்கள். அப்படி ஒருமுறை அலைந்த குடும்பம் உங்கள் அடுத்த செய்தியை நம்பாது. எப்போதும் பின்னால் வரும் புதனுக்குத்தான் தள்ள வேண்டும், இங்கே ஏப்ரல் 23. அடுத்த இரண்டு தவணைகளின் தேதி, முந்தைய ஊசி உண்மையில் போடப்பட்ட நாளிலிருந்து குறைந்தது 4 வாரம் கழித்து வர வேண்டும். பிறந்த தேதியிலிருந்தே 10 வாரம், 14 வாரம் என்று கணக்கைப் பூட்டி வைத்தால், முதல் ஊசிக்குத் தாமதமாக வந்த குழந்தைக்கு இரண்டாவது செய்தி தப்பாகப் போகும்.

இரண்டு கணினிக் கோளாறுகளைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவை மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாது. 07/03 என்று தட்டினால் விரிதாள் அதை ஜூலை 3 என்று எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தாய்க்குச் செய்தி போகவே போகாது, பிழைச் செய்தியும் வராது. மாதத்தை எழுத்தில் தேர்ந்தெடுக்கும்படி வைத்தால் தீர்ந்தது. இன்னொன்று நேர மண்டலம். சர்வர் கிரீன்விச் நேரத்தில் இருந்தால், நீங்கள் மாலை 7 மணிக்கு என்று குறித்தது இங்கே நள்ளிரவு 12.30க்கு ஒலிக்கும். பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில் ஒரே ஒரு தடவை அப்படி நடந்தால் எண்ணை முடக்கிவிடுவார்கள்.

42ஆம் நாளை வெல்ல ஒரு வழி உண்டு. தனக்காக வராத தாய் குழந்தையின் ஊசிக்கு வந்துவிடுவார். ஆகவே இரண்டையும் ஒரே நாளில், ஒரே செய்தியில் கட்டிவிடுங்கள். மக்கள் வாயில் அது '45 நாள் ஊசி'. நீங்களும் அப்படியே சொல்லுங்கள். 'பென்டாவேலன்ட் முதல் தவணை' என்றால் அது யாருக்கோ வந்த செய்தி. அன்று தாய்க்குச் செய்ய வேண்டியது பிபி, ஹீமோகுளோபின், தையல், குடும்பக் கட்டுப்பாடு, மனநிலை. கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவருக்கு 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனையும். இந்தக் கடைசி ஆளுக்குச் செய்தி வேறாக இருக்க வேண்டும்: 'காலையில் சாப்பிடாமல் 7.30க்கு வரவும்'. பொதுச் செய்தியே போனால் இட்லி சாப்பிட்டுவிட்டு 11 மணிக்கு வருவார், பரிசோதனை இன்னொரு நாளைக்கு என்று தள்ளிப்போகும், அந்த இன்னொரு நாள் வராது.

எஸ்எம்எஸ் எழுதுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழில் 70. அந்த 70இலும் கொக்கி, புள்ளி, துணைக்கால் எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். 'குழந்தைக்கு' நம் கண்ணுக்கு 6 எழுத்து, கணினிக்கு 11. 70ஐத் தாண்டினால் ஒவ்வொரு பாகமும் 67 ஆகக் குறைந்து, கட்டணம் பாகத்துக்குப் பாகம் ஏறும். 'நாளை புதன். குழந்தைக்கு 45 நாள் ஊசி. உங்களுக்கும் பிபி பார்க்கணும்.' என்பது இடைவெளிகளையும் சேர்த்துச் சரியாக 67. இதோடு மருத்துவமனைப் பெயரும் வேண்டும். மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்புபவர்கள் வாசகத்தைத் தொலைபேசி நிறுவனங்களிடம் முன்கூட்டியே பதிய வேண்டும், இதற்கு டிஎல்டி பதிவு என்று பெயர். அதில் வாசகத்தை ஒப்புக்கொள்ளப் பெரும்பாலும் அதைக் கேட்பார்கள். ஆகவே இரண்டு பாகம், 134 எழுத்து என்று திட்டமிடுங்கள். பதிவு செய்த வாசகத்தில் ஒரு முற்றுப்புள்ளி மாறினால்கூடச் செய்தி வழியிலேயே தடுக்கப்படும். எனவே ஏழெட்டு வாசகங்களை யோசித்து எழுதி, செவிலியர்களிடம் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டு, அதன்பின் ஒரே தடவையாகப் பதிவு செய்யுங்கள்.

வாசிக்கத் தயங்குபவர்களும் கண் மங்கிய பாட்டிகளும் இருக்கும் வீட்டுக்குக் குரல் அழைப்பே மேல். 40 வினாடிக்குள் இருக்கட்டும். வார்டில் அவர்கள் பார்த்த செவிலியரின் குரலிலேயே பதிவு செய்யுங்கள், அந்த ஊர்ப் பேச்சில். முதல் ஐந்து வினாடியில் மருத்துவமனைப் பெயரும் 'குழந்தை பிறந்த இடத்திலிருந்து பேசுறோம்' என்பதும் வந்துவிட வேண்டும். வணக்கத்தையும் வரவேற்பையும் முன்னால் வைத்தால் அதற்குள் வைத்துவிடுவார்கள். '1ஐ அழுத்தவும், 2ஐ அழுத்தவும்' என்பதை நம்பாதீர்கள். தொடுதிரைக் கைபேசியில் காதில் வைத்தபடி எண்களைத் தேடுவது பலருக்குப் பிடிபடாது. 'பேசணும்னா இந்த நம்பருக்கு மிஸ்டு கால் கொடுங்க' என்றால் எல்லோருக்கும் தெரியும். வாட்ஸ்அப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: சம்மதம் வாங்கி அனுப்புங்கள், குரல் பதிவும் படமும் அனுப்ப வசதி. இரண்டு நீலக் குறி விழுந்தால் கைபேசி யாரிடம் இருந்ததோ அவர் பார்த்தார் என்று மட்டும் பொருள்.

அந்த மிஸ்டு காலுக்கு மறுமுனையில் ஆள் இருக்க வேண்டும். ஆள் போட முடியாது என்றால் கேள்வி கேட்கும் செய்தியே அனுப்பக் கூடாது. 'இரத்தப்போக்கு அதிகமாக உள்ளதா' என்று கேட்டுவிட்டு, 'ஆம்' என்ற பதில் கணினியில் இரவு முழுக்கக் கிடந்தால், கேட்காமல் இருந்ததைவிட மோசம். சொல்லிவிட்டோம், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று குடும்பம் காத்திருக்கும். உங்கள் அளவுக்கு இது பெரிய சுமை இல்லை. மாதம் 60 என்றால் நாளுக்கு இரண்டு தாய். ஒருவருக்கு 42 நாளில் ஐந்து தொடர்பு வைத்தால் ஒரு நாளைக்குப் பத்து. அதில் இரண்டு மூன்றாம் நாள் அழைப்பு, மூன்று நான்கு பேர் எடுக்காதவர்கள் அல்லது மிஸ்டு கால் கொடுத்தவர்கள் என்று வைத்தாலும், ஒரு செவிலியருக்கு நாளொன்றுக்கு முக்கால் மணி நேர வேலை. அதைப் பணிப்பட்டியலில் பெயர் போட்டு எழுத வேண்டும். 'யார் ஃப்ரீயோ அவங்க பண்ணட்டும்' என்று விட்டால் இரண்டே வாரத்தில் நின்றுவிடும். இரவில் ஆள் இல்லாவிட்டால், எல்லாச் செய்தியின் கடைசியிலும் 'அவசரம்னா 108' என்று இருக்கட்டும்.

இரத்த அழுத்தம் இருந்த தாய்மார்களுக்கு மட்டும் வேறு தடம் போடுங்கள். டிஜிட்டல் தொடர்பு எங்கே உண்மையாகவே வேலை செய்கிறது என்றால் இங்கேதான், ஆதாரமும் தெளிவாக இருக்கிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் 206 தாய்மார்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். முடிவு 2018இல் வெளிவந்தது. மருத்துவமனைக்கு வரச்சொன்ன குழுவில் முதல் 10 நாளுக்குள் பிபி பார்க்க முடிந்தது 43.7 சதவீதம் பேருக்கு. வீட்டுக்கே பிபி கருவியைக் கொடுத்தனுப்பி, குறுஞ்செய்தியில் அளவைக் கேட்ட குழுவில் 92.2 சதவீதம். அதிகமாக ஞாபகப்படுத்தியதால் மட்டும் வந்த வித்தியாசம் இல்லை இது. வர வேண்டிய அவசியத்தையே எடுத்துவிட்டார்கள்.

இதை இங்கே செய்ய நான்கு கருவி போதும். 60 பிரசவத்தில் ஐந்து பேருக்கு அழுத்தம் என்று வைத்து, ஒருவரிடம் இரண்டு வாரம் இருந்தால், ஒரே சமயத்தில் வெளியே இருப்பது இரண்டு மூன்றுதான். மேல்கையில் கட்டும் வகையை வாங்குங்கள், மணிக்கட்டு வகை வேண்டாம். கைப்பட்டை பெரிய அளவிலும் ஒன்றிரண்டு இருக்கட்டும். பருத்த கையில் சிறிய பட்டை கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தால் கருவி திரும்பி வரும், அதைத் திருப்பித் தருகிற நாளே ஒரு பரிசோதனை நாளாகவும் ஆகிவிடும். காலையும் மாலையும், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பின், கை நெஞ்சு உயரத்தில் இருக்க அளந்து, திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எண்ணைத் தட்டச் சொன்னால் மேல் அளவும் நாடித் துடிப்பும் இடம் மாறி வரும். 140/90ஐத் தொட்டால் அன்றே மருத்துவர் பேச வேண்டும். 160/110 என்றால், தலைவலி இல்லாவிட்டாலும், உடனே வண்டி. 'பிரசவம் ஆயிடுச்சு, இனி மாத்திரை எதுக்கு' என்று நிறுத்திவிடுவது சாதாரணமாக நடக்கும். முதல் நாள் செய்தியே அதைப் பற்றி இருக்கட்டும்.

குறைமாதக் குழந்தைகளும் தனித் தடம். தடுப்பூசிக்கு அவர்களுக்கும் பிறந்த நாளிலிருந்தே கணக்கு. ஆனால் 34 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கும் 2 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும் 30 நாளுக்குள் கண் விழித்திரைப் பரிசோதனை நடந்தாக வேண்டும், மிகச் சிறியவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே. இந்த ஒரு தேதியைத் தவறவிட்டால் பார்வையே போய்விடலாம், போனால் திரும்பாது. ஆகவே இதற்குச் செய்தி அனுப்பி நிறுத்திக்கொள்ளாமல், வந்தாரா என்று பார்த்து, வராவிட்டால் அன்று மாலையே அழைத்து, எந்த மருத்துவமனையில், எந்தக் கிழமையில், எத்தனை மணிக்கு என்பதைச் சொல்ல வேண்டும்.

எதை அனுப்பக் கூடாது என்பதும் முக்கியம். பிரசவத்துக்குப் பின் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை இருக்கிறது என்பதற்காகத் தினமும் 'மாத்திரை போட்டீங்களா' என்று 180 செய்தி அனுப்பினால், பத்தாவதிலேயே உங்கள் பெயரைப் பார்த்ததும் விரலால் தள்ளிவிடுவார்கள். 45 நாள் ஊசிச் செய்தியும் அதோடு போகும். 30 மாத்திரை கொடுத்தால் 27ஆம் நாள் 'மாத்திரை தீரப் போகுது' என்று ஒன்று போதும். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடக் கூடாது, நடுவில் இரண்டு மணி நேரம் வேண்டும் என்பதை அதிலேயே சொல்லலாம். குடும்பக் கட்டுப்பாடு, மனச்சோர்வு, தொற்று நோய் பற்றிய எதையும் பொதுக் கைபேசித் திரையில் தெரியும்படி எழுதாதீர்கள். 'உங்களிடம் பேச வேண்டும், நேரம் சொல்லுங்கள்' என்பதோடு நிறுத்தி, மீதியைத் தாயிடம் குரலில் பேசுங்கள். தூக்கமின்மை, அழுகை, குழந்தை மேல் பற்றில்லாமை என்று யாராவது சொன்னால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 தமிழிலும் பேசும். அதைச் சொல்லிவிட்டு, உங்கள் மருத்துவரிடமும் நேரம் வாங்கிக் கொடுங்கள்.

ஊசி போட்ட அன்று மாலை ஒரு செய்தி, இதை யாரும் யோசிப்பதில்லை. 45 நாள் ஊசிக்குப் பின் பல குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும், தொடை வீங்கும், இரவெல்லாம் அழும். அடுத்த தவணைக்கு வராமல் போகிறவர்கள் பலர் அந்த இரவில்தான் முடிவு செய்கிறார்கள். 'இன்னிக்கு ராத்திரி காய்ச்சல் வரலாம், செவிலியர் சொன்ன அளவு மருந்து கொடுங்க, ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதீங்க, பால் கொடுங்க, இரண்டு நாளுக்கு மேல போனா கூப்பிடுங்க' என்று மாலை 6 மணிக்கு ஒரு குரல் வந்தால், அது அடுத்த தவணைக்கான நினைவூட்டலும் ஆகிவிடுகிறது.

செய்தியால் என்ன ஆகாது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. மத்திய அரசின் 'கில்காரி' 2016 ஜனவரியில் தொடங்கியது. கர்ப்பத்தின் நான்காம் மாதம் முதல் குழந்தைக்கு ஒரு வயது வரை வாரம் ஒரு குரல் அழைப்பு, மொத்தம் 72. மத்தியப் பிரதேசத்தில் நடந்த பெரிய ஆய்வில், அதைக் கேட்ட குடும்பங்களில் தற்காலிகக் குடும்பக் கட்டுப்பாட்டு முறைகளின் பயன்பாடு சற்றுக் கூடியது. தாய்ப்பால் மட்டுமே கொடுப்பதில் வித்தியாசம் காணவில்லை. இதில் வியப்பில்லை. மார்புக்காம்பு வெடித்து வலியில் இருப்பவருக்கும், 'பால் பத்தல, சீனித்தண்ணி கொடு' என்று பக்கத்தில் ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்கும் வீட்டுக்கும், பதிவு செய்த குரல் போதாது. பால் கொடுக்கும் சிக்கலுக்கு நேரில் ஒருவர் உட்கார்ந்து குழந்தையை மார்பில் பிடித்துக் காட்ட வேண்டும். உங்கள் செய்திகளில் தாய்ப்பால் உபதேசத்தைக் குறைத்து, 'வலிச்சா மிஸ்டு கால் கொடுங்க' என்று மாற்றுங்கள்.

அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான யூவினும் தடுப்பூசிக்குத் தானாக எஸ்எம்எஸ் அனுப்புகிறது. உங்கள் தேதி ஒன்று, அதன் தேதி ஒன்று என்று இருந்தால் குடும்பம் இரண்டையும் நம்பாது. பிறந்தவுடன் போட்ட பிசிஜி, போலியோ, மஞ்சள் காமாலை ஊசி மூன்றையும் அன்றே யூவினில் ஏற்றிவிட்டு, அது காட்டும் அடுத்த தேதியையும் உங்கள் புதன்கிழமையையும் ஒப்பிட்டு ஒன்றாக்கிக்கொள்ளுங்கள்.

பலன் இருக்கிறதா என்று பார்க்க, எத்தனை செய்தி போனது என்ற எண்ணைத் தூக்கி ஓரமாக வையுங்கள். அந்த மாதம் பிறந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் மூன்றாம் நாள் குரல் கேட்டவர்கள், 10 நாளுக்குள் யாராலாவது நேரில் பார்க்கப்பட்டவர்கள், 42 முதல் 56 நாளுக்குள் தாய்க்கும் சேர்த்துப் பரிசோதனை முடிந்தவர்கள் என்று நான்கே எண்கள். வேறு மருத்துவமனையில் பார்த்துக்கொண்டவரும் வந்தவர்தான். அழைத்துக் கேட்டால்தான் அது தெரியும். ஏற்பாட்டுக்கு முந்தைய மூன்று மாதத்தின் இதே எண்களைப் பதிவேட்டிலிருந்து இப்போதே எடுத்து வையுங்கள். பின்னால் எடுக்க முடியாது, அல்லது எடுக்க மனம் வராது.

கடைசியாக, நிறுத்தும் பொத்தான். குழந்தை இறந்து பிறந்தாலோ, பின்னர் இறந்துவிட்டாலோ, குழந்தை பற்றிய எல்லாச் செய்தியும் அந்த மணி நேரமே நிற்க வேண்டும். 'உங்கள் செல்லத்துக்கு இன்று 45 நாள்' என்று அந்தத் தாய்க்கு ஒரு செய்தி போவதைவிட, இந்த ஏற்பாடே இல்லாமல் இருந்திருக்கலாம். வேறு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்த இறப்பு உங்கள் கணினிக்குத் தெரியாது. ஆகவே வேறிடத்துக்கு அனுப்பிய குழந்தைகளின் செய்திகளை அனுப்பிய அன்றே நிறுத்திவைத்து, செவிலியர் பேசி நிலைமை அறிந்த பின்தான் மறுபடி திறக்க வேண்டும். இரட்டையரில் ஒன்று தவறியிருந்தால் 'குழந்தைகள்' என்ற சொல் போகாமல் பார்க்க வேண்டும். தாய்க்கான தடம் மட்டும் நிற்கக் கூடாது. அவருக்கும் பிபி ஏறும், பால் கட்டி வலிக்கும், காய்ச்சல் வரும். அந்த வீட்டுக்குத் தானியங்கி எதுவும் வேண்டாம். 3, 7, 14, 42 ஆகிய நாட்களில் ஒரே செவிலியர், ஒவ்வொரு தடவையும் அவரே, அழைத்துப் பேசும்படி பதிவில் பெயரோடு குறித்துவிடுங்கள்.